நாடாவின் மறுமுனை

டென்மார்க்கில் நான் செய்த முதல் காரியம், ஒரு ரயில் பெட்டி முழுவதையும் பகைத்துக்கொண்டது. கோபன்ஹேகனில் ஏறி உட்கார்ந்ததும் ஸ்கீவவில் இருக்கும் மலருக்கு போன் போட்டு, நானும் வந்துவிட்டேன், புளியோதரையும் கெடாமல் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளி மைதானத்தில் கத்திப் பழகிய தொண்டை. மெதுவாகப் பேச அதற்குத் தெரியாது. எதிரே இருந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் கண்ணாடியை விரலால் தட்டிக் காட்டினார். உதட்டின் மேல் விரல் வைத்த படம் ஒன்று அங்கே ஒட்டியிருந்தது. பேசக் கூடாத பெட்டியாம். ரயிலில் பேசாமல் வேறு எங்கே பேசுவது என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

அடுத்த நிலையத்தில் இறங்கி, சூட்கேஸை இழுத்துக்கொண்டு பிளாட்பாரத்தின் கோடிவரை நடந்து, கடைசிப் பெட்டியில் ஏறிக்கொண்டேன். அங்கே எல்லோரும் பேசினார்கள். ஒரு குழந்தை கூட அழுதது. திருச்சியில் இருப்பது போல் நிம்மதியாக இருந்ததால் தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தபோது பாதி ரயிலைக் காணோம். வழியில் ஒரு நிலையத்தில் ரயிலை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை வடக்கேயும் பின்பாதியை மேற்கேயும் அனுப்பிவிடுவார்களாம். நான் கோபித்துக்கொண்டு இறங்கி வந்த பெட்டி இந்நேரம் ஸ்கீவவை நோக்கி அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும்.

பெட்டிக்குள் சைக்கிளோடு நின்றபடி இதை எனக்கு விளக்கிய பையன், ஆறுதலாக ஒரு கறுப்பு மிட்டாயை நீட்டினான். நவாச்சாரத்தை வெல்லப்பாகில் குழைத்தது போல் இருந்தது. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நான் பட்ட பாட்டை, அவன் நன்றியுணர்ச்சி என்று நினைத்து இன்னொன்றும் கொடுத்தான்.

ஏதோ ஒரு சின்ன ஊரில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னை, செல்வம் நெடுந்தூரம் கார் ஓட்டி வந்து மீட்டார். செல்வரட்ணமும் அவர் மனைவி மலரும் யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்த புதிதில், உறையூரில் எங்கள் வீட்டு மாடியில் சில மாதங்கள் குடியிருந்தவர்கள். பிறகு அவர் டென்மார்க் போனார், மலரும் போனாள். தொழிற்சாலை வேலை, வீடு, பிள்ளைகள் என்று நிலைத்துவிட்டார்கள். இப்போது செல்வம் ஸ்கீவ தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். நான் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியை. சங்கத்தின் விளையாட்டுப் போட்டிக்கு வரச் சொல்லி டிக்கெட் அனுப்பியிருந்தார்கள். சும்மா யாராவது டிக்கெட் அனுப்புவார்களா என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

“ரீச்சர், உங்களைப் போட்டி பார்க்க மட்டும் கூப்பிடேல்லை,” என்றார் செல்வம், ரோட்டைப் பார்த்தபடியே.

“பின்னே?”

“ஒரு ஆளோட நீங்கள் கதைக்கவேணும். எங்கட மேஜர்.”

மேஜர் பெல்லமி ஓர் ஆங்கிலேயர். பட்டாளத்தில் இருந்தவர், பிறகு தூதரகங்களில் வேலை பார்த்தவர். ஸ்கீவ ஊர்க்காரியான கிர்ஸ்டன் என்ற ஆசிரியையைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டார். அகதிகளாக வந்த தமிழர்களுக்கு டேனிஷ் சொல்லிக்கொடுத்தவர் அந்த அம்மாள். முதல் விளையாட்டுப் போட்டியிலிருந்து இன்றுவரை, ஓட்டம் முடியும் கோட்டில் நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பவரும், யார் முதல் என்று சொல்பவரும் மேஜர்தான். அவர் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு இருந்ததில்லை. இப்போது அவருக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது.

“போன வருசம் எங்கட நிலா முதலா வந்தவள். அவர் மற்றப் பிள்ளைக்குக் குடுத்திட்டார்,” என்றார் செல்வம். “நிலா என்ர பேத்தி. நான் செயலாளர். நான் என்னண்டு வாய் திறக்கிறது? ஆனா மகள் சுகந்தி திறந்திட்டாள். அந்தப் பிள்ளையின்ர தாயும் திறந்திட்டா. ஒரு வருசமா ரெண்டு வீடும் கதைபேச்சில்லை. மேஜர் கோட்டில நிண்டா இந்த முறை தான் வரமாட்டன் எண்டு சுகந்தி சொல்லிப்போட்டாள்.”

“அவருக்குத் தெரியுமா?”

“மேஜருக்கோ? சிவ சிவா! ஒருத்தரும் சொல்லேல்லை. அந்தாளின்ர முகத்தைப் பார்த்து உங்களுக்குக் கண் தெரியேல்லை எண்டு ஆர் சொல்லுறது?”

செயற்குழு ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. மேஜரை இந்த வருடம் பிரதம விருந்தினர் ஆக்கிவிடுவது. வாசலில் வரவேற்பு, மாலை, பொன்னாடை, நடுவில் நாற்காலி. கோட்டில் இரண்டு இளைஞர்கள் போனோடு நிற்பார்கள். இதற்கு அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டியது நான். விளையாட்டு தெரிந்தவர்கள் சொன்னால்தான் அவர் கேட்பாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்திலும் இதே வைத்தியம்தான். ஒருவரை ஒரு வேலையிலிருந்து எடுக்க வேண்டுமா, மேடையில் ஏற்று, பொன்னாடை போர்த்து. போர்த்திய ஆள் கையில் அதற்குப் பிறகு விசிலைக் கொடுக்க யாருக்கும் தோன்றாது. அவராலும் கேட்க முடியாது. கடல் தாண்டி வந்தும் நம் ஆட்கள் இதை மறக்கவில்லை.

மறுநாள் காலை குழல் புட்டும் சொதியும் சாப்பிட்டுவிட்டு, மலரின் போனில் போன வருட வீடியோவைப் பார்த்தேன். மலர் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அன்று அவளுக்கு விடுமுறை. நிறுத்தி நிறுத்திப் பலமுறை போட்டுக் காட்டினாள். சந்தேகமே இல்லை. நிலாவின் நெஞ்சுதான் நாடாவில் முதலில் பட்டது. மற்றப் பெண் கையை நீட்டியிருந்தாள், ஆனால் கை கணக்கில்லை. மேஜர் என்று மலர் காட்டிய நெட்டை மனிதர் கோட்டருகே நின்று, ஓட்டக்காரர்களைப் பார்க்காமல் தன் தோளுக்கு அப்பால் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோட்டைப் பார்க்காம எங்க பார்க்கிறார் மனுஷன்?” என்றேன்.

“அதுதான் அக்கா எங்களுக்கும் விளங்கேல்லை,” என்றாள் மலர்.

அன்று மாலையை ஊர் சுற்றிப் பார்ப்பதில் கழித்தேன். ஸ்கீவ சின்ன ஊர், பக்கத்திலேயே கடல்கழி. தேநீர்க் கடை வாசலில் தள்ளுவண்டிக்குள் ஒரு குழந்தை தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. தாய் உள்ளே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேக் சாப்பிடுகிறாள். நான் காவலுக்கு நின்றுவிட்டேன். அவள் வெளியே வந்து, யாரடா இது என் பிள்ளை பக்கத்தில் என்பது போல என்னைப் பார்த்தாள். அவரவர் பயம் அவரவருக்கு.

மூன்றாம் நாள் மேஜர் வீட்டுக்குப் போனேன். மஞ்சள் செங்கல் வீடு, முன்னால் கொடிக்கம்பம். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். இந்த ஒரு விஷயத்தில் டேனிஷ்காரர்கள் நம் சம்பந்திகளாக இருக்கத் தகுந்தவர்கள். கிர்ஸ்டன் அம்மாள் தோட்டத்துக்கு அழைத்துப்போனார். மேஜர் எழுந்து கைகொடுத்தார். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் என் காதுக்கு அப்பால் இருந்த ஆப்பிள் மரத்தைப் பார்த்தார்.

மரியாதை தெரியாத ஆள் என்று ஒரு கணம் சுர்ரென்றது. அடுத்த கணமே விளங்கிவிட்டது. என் மாமியாருக்குக் கடைசிக் காலத்தில் இதேதான். கண்ணின் நடுப்பகுதி போய்விடும், ஓரம் மட்டும் மிஞ்சும். நேரே பார்த்தால் ஒன்றும் இருக்காது. முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தைத் தவிர வேறெதையாவது பார்க்க வேண்டும். வீடியோவில் அவர் கோட்டைப் பார்க்காமல் நின்றது, கோட்டைப் பார்ப்பதற்காகத்தான். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

கிர்ஸ்டன் ஆளுக்கொரு கிண்ணம் வைத்தார். மோர். அதில் முட்டை, சர்க்கரை, எலுமிச்சை, மேலே உடைத்துப் போட்ட பிஸ்கட். வெயில்காலத்தில் இந்த நாடே இதைத்தான் சாப்பிடுகிறதாம். மோரில் பெருங்காயம் போடாமல் சர்க்கரை போட்ட பாவத்தை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. ஆனால் இரண்டாவது கிண்ணமும் வாங்கிக்கொண்டேன்.

மேஜர் நன்றாகப் பேசினார். அரை மைல் ஓட்டக்காரராம். பட்டாளத்தில் ஓடினார், கொழும்புத் தூதரகத்தில் இருந்தபோது ஓடினார், கோபன்ஹேகனில் ஓடினார். வீட்டில் ஒரு கோப்பை கூட இல்லையே என்று கேட்டேன்.

“எல்லா நாட்டிலும் நான்காவதாகத்தான் வந்தேன்,” என்றார். “காசுக்கு ஓடினால் அது அவமானம். ஆசைக்கு ஓடினால் அது நல்ல இடம். நான்காவதாக வருகிறவனுக்குத்தான் முதல் மூன்று பேரும் நன்றாகத் தெரிவார்கள். முதலில் வருகிறவன் யாரையும் பார்ப்பதில்லை.”

அதனால்தான் கோட்டில் நிற்கத் தனக்குத் தகுதி இருக்கிறது என்றார். விளையாட்டாகச் சொன்னாலும் கையிலிருந்த ஸ்பூன் நின்றுவிட்டது. இதுதான் சமயம் என்று நான் ஆரம்பித்தேன். சங்கம் அவரைக் கௌரவிக்க விரும்புகிறது, இத்தனை வருட சேவை, பிரதம விருந்தினர், எங்கள் பண்பாட்டில் இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் ஆப்பிள் மரத்தைப் பார்த்தபடி கேட்டார்.

“நாற்காலி நடுவிலா?”

“நடுவில்தான்.”

“பேச்சு இருக்கிறதா?”

“இருக்கிறது. நான்தான் பேசுகிறேன்.”

“பல தூதர்களை நான் இப்படி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்,” என்றார் மேஜர். “நல்ல விருந்து, நல்ல பேச்சு. அவர்கள் எழுந்து நன்றி சொல்லும்போது நாற்காலிக்கு வேறு ஆள் வந்திருப்பான். நீங்கள் நன்றாகச் செய்கிறீர்கள், அம்மா. பேச்சை மட்டும் நீளமாக வைக்காதீர்கள்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. என் முகம் அவர் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் அதைவிட வெட்கம்.

“போன வருடம் என்ன நடந்தது?” என்று திடீரென்று கேட்டார்.

“போன வருடம் நான் இங்கே இல்லையே.”

“உங்களுக்குத் தூதரகத்தில் வேலை கிடைத்திருக்கும்,” என்றார்.

நாற்காலியில் உட்காரச் சம்மதித்தார். ஆனால் ஒன்று மட்டும் தன்னால் முடியாது என்றார். அணிநடையில் பிள்ளைகள் வணக்கம் செலுத்தும்போது அதை ஏற்றுக்கொண்டு தான் சல்யூட் அடிக்க மாட்டாராம். முதல் வருடமும் அவரைத்தான் பிரதம விருந்தினராகக் கேட்டார்களாம். அன்றும் மறுத்துவிட்டு, வேறு ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டு வாங்கியதுதான் நாடாவின் முனை. ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றார். அன்று சொன்னார்.

பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் அவரை மலாயாவுக்கு அனுப்பினார்கள். காட்டுக்குள் கெரில்லாக்கள். காட்டுக்குச் சாப்பாடு போகாமல் தடுக்க வேண்டும் என்று, தோட்டத்து ஜனங்களை முள்கம்பிக்குள் குடிவைத்திருந்தார்கள். ரப்பர்த் தோட்டம், வேலைக்காரர்கள் தமிழர்கள். விடிகாலையில் பால்வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்தி, தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பது இவர் வேலை. ஒரு பிடி சோறு கூடுதலாக இருந்தாலும் கொட்டச் சொல்ல வேண்டும்.

“எனக்கு இருபது வயது. இருபது வயதுப் பையன் முன்னால் கிழவர்கள் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டு நிற்பார்கள். சாயங்காலம் தோட்டத்துக் கங்காணி அவர்கள் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து எனக்குச் சல்யூட் அடிக்கச் சொல்வான். மரியாதையாம். நானும் திருப்பி அடித்தேன், தினமும். பிறகு இங்கே செல்வமும் அவர் நண்பர்களும் வந்தார்கள், ஒரு பட்டாளத்துக்குப் பயந்து ஓடி வந்தவர்கள். அவர்கள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஐயா, நீங்கள் சல்யூட் எடுக்க வேண்டும் என்றார்கள். எனக்குக் கை தூக்க வரவில்லை.”

கிர்ஸ்டன் வாசல்வரை வந்தார். “போன வருடத்தைப் பற்றிக் கேட்டாரா?” என்றார். “என்னிடமும் ஒரு வருடமாகக் கேட்கிறார். நானும் சொல்லவில்லை. அந்த நாடாவைப் பிடிக்கத்தான் தினமும் நடக்கிறார், கையைக் காலை நீட்டி மடக்குகிறார். அது போனால் எதற்காக நடப்பார்?”

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குச் செல்வத்தின் மேல் கோபம், செயற்குழுவின் மேல் கோபம், மறுக்காமல் தலையாட்டிய என் மேலும் கோபம். வீட்டில் மலர் நூற்றுக்கணக்கான கட்லெட்டுகளை உருட்டிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உருட்டியபடி, மலாயாக் கதையைச் சொன்னேன். செல்வம் நின்றபடியே கேட்டார்.

“அப்ப நாங்கள், அவருக்கு வெக்கம் எண்டு நினைச்சம்,” என்றார். “எங்களைக் கீழாப் பாக்கிறாரோ எண்டும் சில பேர் சொன்னவை. நானும் ஒருக்கா அப்பிடி நினைச்சனான், ரீச்சர்.”

“அணிநடையை எடுத்துவிடலாமா?”

“பிள்ளையள் கிழமைக்கணக்காப் பழகுதுகள் அக்கா,” என்றாள் மலர். “எடுத்தா அழுவினம்.”

கடைசியில், மேஜர் நாற்காலியில் இருக்கட்டும், சங்கத் தலைவர் சல்யூட்டை ஏற்றுக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று. கண் விஷயத்தை அவரிடம் நேராகச் சொல்லிவிடலாமே என்று நான் கேட்டேன். இருவரும் என்னைக் கொலைகாரியைப் பார்ப்பது போல் பார்த்தார்கள். “நீங்கள் சொல்லுங்கோவன்,” என்றார் செல்வம். நானும் சொல்லவில்லைதானே, வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சுகந்தி கோபன்ஹேகன் பக்கத்து ஹ்விடோவ்ரேயிலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்கினாள். மேஜர் நாற்காலிக்குப் போகிறார் என்று கேள்விப்பட்ட பிறகுதான் காரை எடுத்தாளாம். நிலாவுக்குப் பதினொரு வயது, கொக்குக் கால்கள். நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் டேனிஷில் பதில் சொன்னாள். மலர் மொழிபெயர்த்தாள். போன வருடத்து வீடியோவைப் பற்றிக் கேட்டேன். நிலா தோளைக் குலுக்கி ஏதோ சொன்னாள்.

“என்ன சொல்றா?”

“அது போன வருசமாம்.”

சனிக்கிழமை நல்ல வெயில். மைதானத்தில் பிள்ளைகளின் இரண்டு அணிகளான மருதம் இல்லம் பச்சைத் துணியிலும் நெய்தல் இல்லம் நீலத் துணியிலும் தோரணம் கட்டியிருந்தன. மைக் கரகரத்தது. தேநீர்ப் பந்தலில் கட்லெட்டும் ரோல்ஸும் முதல் ஓட்டத்துக்கு முன்பே பாதி தீர்ந்திருந்தன. நம் ஊர் மைதானத்துக்கும் இதற்கும் வித்தியாசம் என்றால், புல் நிஜமாகவே பச்சையாக இருந்தது, அவ்வளவுதான்.

மேஜர் கோட் போட்டு டை கட்டிக்கொண்டு கிர்ஸ்டனோடு வந்தார். செல்வம் மாலை போட்டார், தலைவர் பொன்னாடை போர்த்தினார், நான் மூன்று நிமிடம் பேசினேன். நடு நாற்காலியில் உட்கார்த்தினோம். போட்டோவெல்லாம் எடுத்த பிறகு அவரிடம் யாரும் பேசவில்லை. பெரிய மனிதர் ஆகிவிட்டாரே, இனி என்ன பேசுவது? அவர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, கோட்டுக்கு எதிர்த்திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும்.

கோட்டில் இரண்டு இளைஞர்கள் போன்களைத் தாங்கியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நாடா சுருட்டியபடி புல்லில் கிடந்தது.

அணிநடை தொடங்கியது. முன்னால் பாண்டு வாத்தியம், பின்னால் மருதம், அதன் பின்னால் நெய்தல். தலைவர் மேடை ஓரமாகப் போய் நின்று கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். ஆனால் பிள்ளைகளுக்குச் செயற்குழு முடிவெல்லாம் யார் சொன்னது? நடுவில் மாலையோடு இருப்பவர்தான் பிரதம விருந்தினர். “வலப்பக்கம் பார்!” என்று இல்லத் தலைவியான பெண் கத்தியதும் அத்தனை முகமும் மேஜரிடம் திரும்பியது. முன்னால் வந்த சிறுவன் நாற்காலிக்கு நேரே நின்று விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான்.

அவருக்கு முகங்கள் தெரிந்திருக்காது. எதிரே ஒரு கால் சத்தம் நின்றதும், எல்லோரும் தன் பக்கம் திரும்பியதும் தெரிந்திருக்கும். அவர் எழுந்தார். செல்வம் என் கையைப் பிடித்துக்கொண்டார், “ஐயோ ரீச்சர்.” மேஜர் கையைத் தூக்கவில்லை. மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். மேடைப் படியைக் காலால் தடவித் தடவி இறங்கினார். நெய்தல் இல்லத்தின் கடைசி வரிசையில் தாளம் தப்பி நடந்துகொண்டிருந்த குட்டிப் பிள்ளைகளின் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டு நடந்தார். பட்டாளத்து நடை, அந்த வயதிலும் ஒரு பிசகில்லை. பொன்னாடை மட்டும் தோளில் ஆடியது. சனங்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு கைதட்டினார்கள். நான் அழுதேன். எனக்கு அழுகை சுலபமாக வராது, அன்று வந்தது.

வரிசை கோட்டைத் தாண்டியபோது அவர் மட்டும் விலகி நின்றார். குனிந்து, புல்லைத் தடவி, நாடாவை எடுத்தார். ஒரு முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு மறுமுனையைக் காற்றில் நீட்டியபடி நின்றார். போன் வைத்திருந்த இளைஞர்கள் செல்வத்தைப் பார்த்தார்கள். செல்வம் என்னைப் பார்த்தார். சுகந்தி எங்கள் எல்லோரையும் பார்த்தாள். யாராவது போய்ப் பிடித்துத்தானே ஆக வேண்டும்? நான் போய்ப் பிடித்தேன்.

“யார்?” என்றார் மேஜர்.

“பேச்சைச் சுருக்கமாக வைத்தவள்.”

“நல்ல பேச்சு,” என்றார்.

சிறுமிகளின் நூறு மீட்டர்தான் முதல் ஓட்டம். நிலாவும் அந்த மற்றப் பெண்ணும் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில். வெடிச்சத்தம் கேட்டதும் பறந்தார்கள். பாதிக்குப் பிறகு இருவர் மட்டும்தான் முன்னால். நாடா என் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது. இரண்டு பெண்களின் நெஞ்சிலும் அது ஒட்டிக்கொண்டு போனதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு மேல் என் கண்ணுக்கும் எட்டவில்லை.

எல்லோரும் வழக்கப்படி மேஜரின் வாயைப் பார்த்தார்கள். சுகந்தி கயிற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அந்த மற்றப் பெண்ணின் தாயும் வந்து நின்றாள். மேஜர் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார், எங்காவது ஓரத்தில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பது போல. பிறகு மைக்கைக் கேட்டு வாங்கினார். டேனிஷில் மெதுவாக, தெளிவாகப் பேசினார். எனக்குப் புரியாமல் மலரைப் பார்த்தேன். அவள் கட்லெட் தட்டோடு பந்தலிலிருந்து ஓடி வந்திருந்தாள்.

“தான் காணேல்லையாம் அக்கா,” என்றாள். “போன வருசமும் காணேல்லையாம். காணாமலே சொல்லிப்போட்டாராம். சொல்ல வெக்கமா இருந்ததாம். அந்த ரெண்டு பிள்ளையளும் தன்னட்ட வரட்டாம்.”

இரண்டு பேரும் மூச்சு வாங்கியபடி வந்து நின்றார்கள். மேஜர் குனிந்து இரண்டு தலைகளுக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். நிலா தோளைக் குலுக்கினாள். மற்றவளும் குலுக்கினாள்.

“பரவாயில்லையாம்,” என்றாள் மலர். ஒரு வருடமாக இரண்டு வீட்டார் பேசாமல் இருந்த விஷயம் அது.

போனில் பார்த்தார்கள். இந்த முறை நிலா இரண்டாவது. மயிரிழைதான், ஆனால் இரண்டாவது. அவள் ஓடிப்போய்த் தாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். சுகந்தி அவள் முதுகைத் தடவிக்கொண்டே அந்தத் தாயிடம், “உங்கட பிள்ளை நல்லா ஓடினவள்,” என்றாள். செல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேடையிலிருந்த நடு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து கோட்டருகே போட்டார். மேஜர் அதில் உட்காரவில்லை. பொன்னாடையை மடித்து அதன்மேல் வைத்தார்.

அடுத்தது சிறுவர்களின் ஓட்டம். நான் புது நாடாவை அவிழ்த்து நீட்டினேன். அவர் தன் முனையை விரல்களால் தேடிப் பிடித்து, கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துப் பார்த்தார்.

“நீங்கள் பாருங்கள், டீச்சர்,” என்றார். “நான் பிடித்துக்கொள்கிறேன்.”